ஒன்ராறியோவில் தூண்டில் போடத் தொடங்கியிருக்கிறேன். எந்த மீனை, எத்தனை மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாம்?

நீங்கள் கேட்டது இதுதான்: ஸ்காபரோவில் இருக்கிறீர்கள், இந்த வருடம்தான் கன்சர்வேஷன் லைசன்ஸ் (குறைந்த எண்ணிக்கை மீனுக்கான லைசன்ஸ்) எடுத்திருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். மீன்களும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரு படத்தையும் போட்டிருக்கிறீர்கள். படத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கையில் இருப்பது எந்த மீன் என்று தெரியும்வரை எத்தனை என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இதை நான் கற்றுக்கொண்டது ரைஸ் ஏரிக் கரையில்.

கனடா வந்து மூன்றாவது கோடைகாலம். மச்சானும் நானும் விடியவே போய்விட்டோம். ஒன்பது மணியளவில் என் தூண்டிலில் நீளமான ஒரு மீன் விழுந்தது. வாத்தின் அலகு போல் தட்டையான வாய், வரிசையாகப் பல். "இது பைக் தான், போன கிழமையும் ஒண்டு பிடிச்சனாங்கள்" என்றான் மச்சான். எனக்கும் வேறு யோசனை வரவில்லை. ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். மதியம் ஒரு அதிகாரி வந்தார். லைசன்ஸைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார், எல்லா மீனையும் விட்டுவிட்டு அதை மட்டும் வெளியே எடுத்தார். மல்லாக்கத் திருப்பி, கீழ்த்தாடையைப் பெருவிரலால் துடைத்தார். தாடை எலும்பின் ஓரமாக ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்னத் துளைகள். ஒரு பக்கம் ஏழு, மறுபக்கமும் ஏழு. என்னையும் எண்ணச் சொன்னார். எண்ணினேன்.

பைக் என்றால் ஒரு பக்கத்தில் ஐந்து துளைக்கு மேல் வழமையாக இருக்காது. ஆறும் அதற்கு மேலும் இருந்தால் அது பைக்கின் உறவான மஸ்கி. அந்தப் பகுதியில் மஸ்கியை வைத்திருக்க வேண்டுமானால் 112 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று. என்னுடையது எழுபதைத் தாண்டவில்லை. அபராதம் கட்டினேன், மீனையும் எடுத்துக்கொண்டு போனார். பணம் போனது பரவாயில்லை. முழுதாக வளராத ஒரு மீனை, என்னவென்று பாராமல் கொன்றுவிட்டேன் என்பதுதான் வீடு வரும்வரை நெஞ்சில் கிடந்தது.

அதனால் இந்த இரண்டு மீனையும்தான் நீங்கள் முதலில் படிக்க வேண்டும். நிறத்தைப் பாருங்கள். பைக்குக்கு உடம்பு கரும்பச்சை, அதன்மேல் அவரைவிதை போல் வெளிறிய புள்ளிகள். மஸ்கிக்கு நேர்மாறு: வெளிறிய உடம்பில் கரும்புள்ளி அல்லது கரும்பட்டை. பைக்கின் வால் நுனி உருண்டிருக்கும், மஸ்கியின் வால் நுனி கூராக இருக்கும். கன்னத்தில் செதிலைத் தடவிப் பாருங்கள். பைக்கின் கன்னம் முழுக்கச் செதில் இருக்கும், மஸ்கிக்குக் கன்னத்தின் மேல்பாதியில் மட்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தாலோ மீன் சிறிதாக இருந்தாலோ நிறம் ஏமாற்றும். அப்போது தாடைத் துளைதான் சாட்சி. இன்னொன்று, உங்களுடையது கன்சர்வேஷன் லைசன்ஸ். அதில் மஸ்கிக்கு எண்ணிக்கை பூச்சியம். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

லைசன்ஸ் விஷயத்தில்தான் நம்மவர்களுக்குக் குழப்பம் அதிகம். ஸ்போர்ட், கன்சர்வேஷன் என்று இரண்டு வகை. விதிப் புத்தகத்தில் ஒவ்வொரு மீனுக்கும் எதிரே எஸ் என்றும் சி என்றும் இரண்டு எண் போட்டிருப்பார்கள். எஸ் என்பது ஸ்போர்ட், சி என்பது கன்சர்வேஷன். மஞ்சள் பேர்ச் மீனுக்குப் பெரும்பாலான வலயங்களில் எஸ் 50, சி 25. பாஸ் மீனுக்குப் பெருவாய், சிறுவாய் இரண்டையும் சேர்த்து எஸ் 6, சி 2. பக்கத்தில் நிற்பவர் ஆறு பாஸ் வைத்திருக்கிறார் என்பதற்காக நீங்களும் ஆறு வைத்தால் நான்கு மீன் கூடிப்போகும். அவர் தன் லைசன்ஸுக்குச் சரியாகத்தான் நிற்கிறார். குடும்பத்துடன் லைசன்ஸ் இல்லாமல் மீன்பிடிக்கலாம் என்று அரசு வருடத்தில் சில நாட்கள் அறிவிக்கும், அந்த நாட்களுக்கும் கன்சர்வேஷன் எண்தான்.

அடுத்தது வலயம். மாகாணத்தை 20 வலயமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்ராறியோ ஏரி 20-ஆம் வலயம். ரைஸ் ஏரியும் கவார்த்தா ஏரிகளும் 17. சிம்கோ ஏரி 16-இல் இருந்தாலும் அதற்கென்று தனி விதிகள் உண்டு. நம் ஆட்கள் அதிகம் விரும்பும் பிக்கரலை எடுத்துப் பாருங்கள். (கடையில் பிக்கரல் என்கிறோம், விதிப் புத்தகத்தில் வோல்ஐ என்று தேட வேண்டும். இரண்டும் ஒரே மீன்.) 17-ஆம் வலயத்தில் 35 முதல் 50 சென்ரிமீற்றருக்குள் இருப்பதை மட்டும்தான் வைத்திருக்கலாம். குறைந்தாலும் விட வேண்டும், கூடினாலும் விட வேண்டும். 20-ஆம் வலயத்தில் ஸ்போர்ட் லைசன்ஸுக்கு நான்கு, அதில் 63 சென்ரிமீற்றரைத் தாண்டியது ஒன்றுக்கு மேல் கூடாது. சட்பரிப் பக்கம், 10-ஆம் வலயத்தில், அதே நான்கில் 46-ஐத் தாண்டியது ஒன்றுதான். ஒரே மீனுக்கு மூன்று இடத்தில் மூன்று சட்டம். வருடத்துக்கு வருடம் மாற்றமும் வரும், ஆகவே நான் எழுதுவதை வைத்துக்கொண்டு தூண்டில் போடாதீர்கள். மாகாணத்தின் ஃபிஷ் ஆன்லைன் வரைபடத்தில் போகப்போகும் ஏரியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காரை எடுங்கள்.

பெரிய மீனை ஏன் விட வேண்டும் என்று என் மாமனார் கேட்டார். ஊரில் பெரிய மீன் கிடைத்தால் அதுதானே கொண்டாட்டம். பிக்கரலில் மிகப் பெரியவை அநேகமாகப் பெண் மீன்கள். ஒன்றின் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். சிறியது இன்னும் முட்டையிடும் வயதுக்கே வரவில்லை. நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டு இரண்டு ஓரத்தையும் விடுவது அதற்காகத்தான். வடக்கே போகப் போகத் தண்ணீர் குளிர், கோடை குறுகல், மீன் வளர்வதும் மெல்ல. ஆழ்ந்த குளிர் ஏரிகளில் இருக்கும் லேக் ட்ரவுட் பல வருடம் கழித்துத்தான் முதல் முட்டையிடும், பல பத்து வருடங்கள் வாழும். பெரிய மீனாக ஒன்று கையில் வந்தால் உங்கள் பிள்ளையைவிட அதற்கு வயது கூட இருக்கலாம்.

அளப்பதற்கும் முறை உண்டு. மீனின் வாயை மூடி, வாலின் இரண்டு நுனியையும் சேர்த்து அழுத்தி, ஆகக்கூடிய நீளத்தை எடுக்க வேண்டும். வாலை விரித்து அளந்தால் ஒரு சென்ரிமீற்றர் வரை குறைவாகக் காட்டும். 50 தான் எல்லை என்றால் அந்த ஒரு சென்ரிமீற்றர்தான் உங்களைக் குற்றவாளி ஆக்கும். தையல் டேப்பை மீனின் வயிற்றை வளைத்து வைக்காதீர்கள், தட்டையான பலகையில் கோடு போட்டுக்கொண்டு போங்கள். தூண்டில் முள் ஆழமாக இறங்கி இரத்தம் கொட்டுகிறது, விட்டாலும் சாகும் என்று தெரிகிறது, ஆனால் அளவு தவறு. அப்போதும் விடத்தான் வேண்டும். மனம் கேட்காது, எனக்கும் ஒவ்வொரு முறையும் கேட்பதில்லை. வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசல் திறந்தால் எல்லா மீனுக்கும் இரத்தம் கொட்டத் தொடங்கிவிடும்.

இனி, பலர் அறியாமல் சிக்குவது ஃபிரீசரில். வைத்திருக்கும் எண்ணிக்கை என்பது கையில் இருப்பது, ஐஸ் பெட்டியில் இருப்பது, காரில் வருவது, வீட்டு ஃபிரீசரில் கிடப்பது எல்லாம் சேர்த்து. விதிவிலக்குச் சொல்லாத மீனுக்கு அது ஒரு நாள் எண்ணிக்கைக்குச் சமம். சனி 25 பேர்ச் பிடித்து ஃபிரீசரில் போட்டு, ஞாயிறு இன்னொரு 25 கொண்டுவந்தால் உங்கள் லைசன்ஸுக்கு இரட்டிப்பு. சனிக்கிழமை மீனைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அண்ணன் வீட்டு ஃபிரீசரில் வைத்தாலும் அது உங்கள் மீன்தான்.

கரையில் வைத்து வெட்டும் பழக்கத்தையும் விடுங்கள். நாம் செதில் உரசி, தலை எடுத்து, குழம்புக்குத் துண்டு போட்டுப் பையில் கட்டுவோம். நீள எல்லை உள்ள மீனை ஏரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும்போது அளக்கக்கூடியபடி இருக்க வேண்டும். எல்லை இல்லாத மீனையும் எத்தனை என்று எண்ணவும் எந்த இனம் என்று சொல்லவும் கூடியபடி, தோல் இருக்கும்படி கட்ட வேண்டும். துண்டு துண்டாக ஒரு பையில் குவித்து வைத்திருந்தால், எண்ணிக்கை சரியாக இருந்தும் அதை நிரூபிக்க உங்களால் முடியாது.

பிக்கரலுக்கு அடுத்து நீங்கள் காணப்போவது செப்டம்பரில் ஆற்றில் ஏறிவரும் சால்மன். சினூக் சால்மனின் வாயைத் திறந்தால் பல் ஈறு கறுப்பாக இருக்கும். கோஹோவுக்கு ஈறு வெளிறியிருக்கும், புள்ளிகள் வாலின் மேல்பாதியில் மட்டும். ரெயின்போ ட்ரவுட்டின் வாய் உள்ளே வெள்ளை, வால் முழுக்க வரிசையாகப் புள்ளி. அத்திலாந்திக் சால்மன் ஒன்ராறியோ ஏரியின் சொந்தப் பிள்ளை. அணைகளாலும் காடழிப்பாலும் அளவில்லாமல் பிடித்ததாலும் 1900-க்கு முன்பே இங்கே அற்றுப்போனது. இப்போது குஞ்சு விட்டுத் திரும்ப வளர்க்கிறார்கள். செவுள் மூடியில் பெரிய கரும்புள்ளிகள், வாலில் புள்ளியே இல்லை என்று கண்டால் மெதுவாகத் தண்ணீரிலேயே வைத்து விட்டுவிடுங்கள். ஆற்றில் நெருக்கியடித்துப் போகும் சால்மனின் முதுகிலோ வயிற்றிலோ முள்ளைக் கொளுவி இழுப்பவர்களைக் காண்பீர்கள். அது குற்றம். தற்செயலாகக் கொளுவினாலும் உடனே விட வேண்டும்.

ஊர் மீனைக் கண்ட மாதிரி இருக்கும் இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையோரப் பாசிக்குள்ளிருந்து ஒன்று வரும். நீண்ட உடம்பு, முதுகு முழுக்க ஒரே செட்டை, உருண்ட வால். பார்த்தவுடன் "விரால்!" என்று வாய் சொல்லிவிடும். அது போஃபின். கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். விராலுக்கு வயிற்றுக்குப் பின்னாலுள்ள செட்டை நீளமாக ஓடும், போஃபினுக்கு அது கட்டை. ஆண் போஃபினுக்கு வாலடியில் மஞ்சள் வளையம் போட்ட கரும்பொட்டும் இருக்கும். விரால் இனத்தை இங்கே உயிரோடு வைத்திருக்கத் தடை, அது வந்தால் ஏரி கெடும் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தில் ஒன்றுமறியாத போஃபினை அடித்துக் கொல்பவர்களும் உண்டு. போஃபின் இங்கேயே பிறந்து வளர்ந்த மிகப் பழைய இனம்.

மற்றது விலாங்கு. அமெரிக்க விலாங்கு கடலில், சர்காசோக் கடல் பக்கம் பிறந்து சென்ட் லோரன்ஸ் ஆறு வழியாக ஒன்ராறியோ ஏரிவரை வரும். அணைகளின் டர்பைனில் அடிபட்டும் வேறு காரணங்களாலும் மிகவும் குறைந்துபோனதால் மாகாணம் முழுக்கப் பிடிக்கத் தடை. ஸ்டர்ஜனும் அப்படித்தான். சுறா வால், முதுகில் எலும்புத் தட்டு, வாய்க்கு முன்னால் நான்கு மீசை. அதன் பெண் மீன் முதல் முட்டையிடவே ஏறக்குறைய இருபது வருடம் எடுக்கும். தடை உள்ள மீனை, அல்லது பருவம் மூடிய மீனை, விட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு குறிவைப்பதும் குற்றம்.

சாப்பிடுவது பற்றி ஒரு வார்த்தை. எந்த ஏரியில் எந்த நீள மீனை மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாகாணம் வெளியிடுகிறது. பெரிய பைக், பெரிய பிக்கரலில் பாதரசம் கூடும். வீட்டில் கர்ப்பிணியோ சிறு பிள்ளையோ இருந்தால் அதைப் பாராமல் சமைக்காதீர்கள்.

இனி உங்கள் படம். முதுகில் இரண்டு தனிச் செட்டை இருக்கிறது. முதலாவதன் அடியில், பின்முனையில் ஒரு கரும்பொட்டு. கண் பால் படர்ந்த மாதிரி மின்னுகிறது. வாலின் கீழ் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வெள்ளையாக இருக்கிறது. பிக்கரலேதான். அதன் உறவான சாகருக்கு அந்த வெள்ளை நுனி வராது, முதல் செட்டையில் வரிசையாகப் புள்ளி இருக்கும். ஆனால் மீனைப் புல்லில் போட்டு எடுத்திருக்கிறீர்கள், பக்கத்தில் அளவுகோல் இல்லை, எந்த ஏரி என்றும் எழுதவில்லை. உங்கள் செருப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் 50-ஐ ஒட்டி வரும் போலிருக்கிறது. 17-ஆம் வலயம் என்றால் அது சரியாக எல்லையில் நிற்கும் மீன். ஏரியின் பெயரையும், வாயை மூடி வாலைச் சேர்த்து அளந்த நீளத்தையும் கருத்தில் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.