முகத்தில் உள்ள சிறு பழுப்புப் புள்ளிகளை நிரந்தரமாக நீக்க முடியுமா?

மங்க வைக்கலாம், சிலவற்றை எடுத்தும் விடலாம். ஆனால் 'நிரந்தரமாக' என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்று ஒரு கிளினிக் சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுவதே நல்லது. எனக்கு மூக்கிலும் கன்னங்களிலும் சிறு வயது முதலே இவை உண்டு, அப்பாவுக்கும் உண்டு. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே படித்து வைத்திருக்கிறேன்.

முதலில் உங்களுக்கு இருப்பது ஃப்ரெக்கிள்ஸ்தானா என்று தெரிய வேண்டும். ஃப்ரெக்கிள்ஸ் தட்டையானவை, தடவிப் பார்த்தால் விரலில் தட்டுப்படாது. வெயில் ஏறினால் கருக்கும், வெயில் குறைந்தால் வெளுக்கும். அந்த இடத்தில் நிறமி செல்கள் கூடிவிடுவதில்லை. இருக்கிற செல்களே வெயில் பட்டதும் தோலுக்கு நிறம் தரும் மெலனினை அதிகமாக உற்பத்தி செய்கின்றன. எம்சி1ஆர் போன்ற மரபணுக்கள் வழியாகப் பரம்பரையாக வரும் சுபாவம் அது. அதனால்தான் எடுத்த புள்ளியும் வெயில் பட்டால் திரும்பி வருகிறது.

நடுத்தர வயதில் தோன்றி, வெயில் குறைந்தாலும் மங்காமல் நிற்பவை லென்டிகோ. திட்டாகப் படர்ந்திருந்தால் அது மங்கு எனப்படும் மெலாஸ்மாவாக இருக்கலாம். கறுப்பாக, சற்றே மேடாகக் கையில் தட்டுப்பட்டால் மருவாக இருக்கலாம். நான்குக்கும் வைத்தியம் வேறு. மங்கின் மேல் லேசர் அடித்தால் இன்னும் கருத்துப்போகும் வாய்ப்பு உண்டு. மருவுக்கோ எந்த வெளுப்பு க்ரீமும் வேலை செய்யாது.

ஃப்ரெக்கிள்ஸ்தான் என்றால், சன்ஸ்க்ரீன் இல்லாமல் மற்ற எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள். வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் 30 அல்லது அதற்கு மேல் வேண்டும். பட்டாணி அளவு தடவினால் பாட்டிலில் போட்டிருக்கும் பலன் கிடைக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். கண்ணாடி அணிபவர்களுக்கு மூக்குத்தண்டில்தான் முதலில் அழிந்துபோகும். புள்ளிகள் கூட்டமாக இருப்பதும் அங்கேதான்!

அப்புறம் க்ரீம்கள். அசெலாயிக் ஆசிட், வைட்டமின் சி, ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) எல்லாம் மாதக்கணக்கில்தான் பலன் தரும். கர்ப்பமாக இருப்பவர்கள் ரெட்டினாய்டைத் தொடக் கூடாது. தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோனை மருத்துவர் சொன்ன காலம் வரை மட்டும் போடுங்கள், நாமாக நீட்டித்தால் தோல் நீலம் பாய்ந்த கறுப்பாக மாறிவிடக்கூடும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த ட்யூபுகள் ஒரு வாரத்தில் முகத்தைப் பளிச்சென்று காட்டும். பிறகு தோல் மெலியும், பரு வரும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத க்ரீம் இன்னும் மோசம், அதில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் கொப்புளம் வந்து, ஆறிய பிறகும் கறை மாதக்கணக்கில் நிற்கலாம்.

சீக்கிரம் பலன் வேண்டும் என்றால், நிறமியை உடைக்கும் க்யூ-ஸ்விட்ச்டு அல்லது பிக்கோ வகை லேசர். சுட்டதும் புள்ளி ஒரு கணம் வெள்ளையாகும், பிறகு கருத்துப் பொருக்கு கட்டும், ஒரு வாரம் பத்து நாளில் தானே உதிரும். பிய்க்கக் கூடாது. மாநிறமோ கறுப்போ ஆன தோலில் லேசர் பட்ட இடமே கருக்கும் அபாயம் கூடுதல். அதனால் காதோரம் சிறு இடத்தில் சோதித்துவிட்டு, சில வாரம் பொறுத்து முழு முகத்துக்குப் போகச் சொல்லுங்கள். நான் லேசர் பக்கம் போகவில்லை. சன்ஸ்க்ரீனும் அசெலாயிக்கும் போதும் என்று இருக்கிறேன். கிட்ட வந்து பார்த்தால்தான் புள்ளிகள் தெரிகின்றன.

சரி, லேசருக்கு நாள் குறிக்கும் முன் ஒன்று. ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தாலோ, ஓரம் கோணலாகவோ நிறம் கலந்தோ இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, அதைத் தோல் மருத்துவரிடம்தான் முதலில் காட்ட வேண்டும். புற்றா என்று பரிசோதிக்க அந்தப் புள்ளி தேவை, லேசர் அடித்துவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. வெயிலே படாத அக்குளில் குழந்தைக்குப் புள்ளிகள் கூட்டமாக வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அது நரம்பு சார்ந்த ஒரு மரபுக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம்.