நாகம்மை: கணவர் ஊரில் இல்லாத நாட்கள்

வணக்கம் ஐயா,

தலைவர்களின் மனைவியரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியில் பெரியாரின் மனைவி நாகம்மையாரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தேடித் தேடிப் படித்தாலும் கிடைப்பதெல்லாம் அதே ஐந்து கதைகள்தான். பெரியார் அவருடைய விரதத்தைக் கெடுத்தது, தாலியைக் கழற்றச் சொன்னது, கோயிலுக்குப் போனவரை நண்பர்களை விட்டு மிரட்டியது, வந்தவர்களுக்கெல்லாம் அவர் முகம் சுளிக்காமல் சோறு போட்டது, கடைசியில் அவர் இறந்தபோது பெரியார் எழுதிய இரங்கல். எல்லாக் கதையிலும் பெரியார் எதையோ செய்கிறார், நாகம்மை அதைத் தாங்கிக்கொள்கிறார். அவருக்கென்று ஒரு வாழ்க்கை இல்லையா?

இன்னொன்று. மனைவி இறந்த மறுநாளே பெரியார் கல்யாணம் நடத்தி வைக்கத் திருச்சிக்குப் போனார் என்று படித்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெரியார் ஊரில் இல்லாத நாட்களில் நாகம்மை என்ன செய்துகொண்டிருந்தார் என்று தேடுங்கள். சிறை, வெளியூர்ப் போராட்டம், கடல் கடந்த பயணம் என்று அவர் இல்லாத காலம் நிறையவே உண்டு. தலைவர்களின் மனைவியரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் இப்படித்தான் தேடுவேன். கணவர் பக்கத்தில் இருக்கும்போது எழுதுகிறவர்களின் கண் அவர் மேல்தான் இருக்கும். அவர் அந்தப் பக்கம் போன பிறகுதான் இந்த அம்மா தனியாகத் தெரிவார்.

முதலில் கள்ளுக்கடை மறியலை எடுத்துக்கொள்ளுங்கள். 1921. பெரியார் காங்கிரசில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. மதுவிலக்குக்காகத் தன் தோப்புத் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர், கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து கைதானார். அடுத்து மறியலை நடத்தியவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் நாகம்மை, இன்னொருவர் பெரியாரின் தங்கை கண்ணம்மாள்.

இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லுங்கள். அது ஈரோட்டின் பெரிய மண்டி வியாபாரக் குடும்பம். பாகவதர்களையும் பண்டிதர்களையும் அழைத்து உபசரித்துக்கொண்டிருந்த வைணவ வீடு. மாமியார் சின்னத்தாயம்மாளின் ஆசாரம் ஊரே அறிந்தது. நாகம்மை சேலத்துத் தாதம்பட்டியில் பிறந்தவர், உங்கள் ஊர்ப்பக்கம்தான். 1898இல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது வயது பதின்மூன்று. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் முப்பத்தாறு வயதில், குடிக்க வருகிற ஆண்களுக்கு நடுவில், கள்ளுக்கடை வாசலில் போய் நிற்கிறார். பக்கத்தில் நாத்தனார். கணவர் சிறையில். யாராவது கூட்டத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினால், அதற்கு அந்த இடத்திலேயே முகம் கொடுக்க வேண்டியது இவர்கள்தான்.

மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்களிடம், அது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக இயக்க நூல்கள் எல்லாம் சொல்லும். உங்கள் உரையிலும் அது வரும், வரட்டும். ஆனால் அதைச் சொல்லும்போது அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேற்கோளைச் சொல்லிவிட்டுப் பெயரை விட்டுவிடும் மேடைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமைதான் மிச்சம்.

அடுத்தது வைக்கம். 1924 மார்ச் 30 அன்று சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கவே கூடாது என்று தடுத்திருந்தார்கள். கேரளத் தலைவர்கள் அடுத்தடுத்து சிறைக்குப் போக, ஏப்ரலில் பெரியார் போய்ச் சேர்ந்தார். முதலில் ஒரு மாதத் தண்டனை, வெளியே வந்து மறுபடி பேசியதும் நான்கு மாதக் கடுங்காவல். நாகம்மையும் வைக்கம் போனார். மொழி வேறு, ஊர் வேறு. அங்கிருந்த பெண்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார், சத்தியாகிரகத்திலும் பெண்களோடு போய் நின்றார். கணவரைச் சிறையில் பார்த்துவிட்டு ஈரோட்டுக்கு ரயில் ஏறியிருந்தால் அந்தக் காலத்தில் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். சோவியத் ஒன்றியம் வரை போய்விட்டு 1932 நவம்பரில்தான் திரும்பினார். ஏறக்குறைய ஒரு வருடம். கடிதம் போய் வரவே வாரக்கணக்கில் ஆகும் காலம். தலைவர் இல்லாத இயக்கம் ஒரு வருடத்தில் கலைந்துபோவது சாதாரணமாக நடப்பது. அந்தக் காலத்தில் ஈரோட்டில் சுயமரியாதை இயக்கத்தையும் அதன் வார இதழான 'குடி அரசு' இதழையும் பார்த்துக்கொண்டவர் நாகம்மை. புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணங்களுக்குப் போய்த் தலைமை ஏற்று நடத்தி வைத்தார்.

ஒரு வார இதழை நடத்துவதில் என்னென்ன அடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். காகிதம் வாங்க வேண்டும், அச்சகத்து ஆட்களுக்குக் கூலி தர வேண்டும், சந்தா பாக்கியைக் கேட்டு எழுத வேண்டும், வாரம் தவறாமல் தபாலில் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் சட்டம் வேறு. 1931இல்தான் வெள்ளை அரசு பத்திரிகைகளை நெருக்க அவசர அதிகாரச் சட்டம் கொண்டு வந்தது. ஜாமீன் தொகை கட்டு என்று அரசு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். இதழில் பதிப்பாளர் என்று பெயர் போட்டுக்கொள்வது அந்த நாளில் வெறும் மரியாதைக்குப் போடும் பெயர் இல்லை. வழக்கு வந்தால் அந்தப் பெயர்க்காரரைத் தேடித்தான் போலீஸ் வரும். 'குடி அரசு' இதழின் பதிப்பாளராக நாகம்மை அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தார்.

அப்புறம் அந்த ஐந்து கதைகள். விரதச் சோற்றில் எலும்பைப் போட்டதையும், கோயிலில் ஆள் வைத்துக் கேலி செய்ததையும் மேடையில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. பதினைந்து பதினாறு வயதுப் பெண், ஒரு பக்கம் ஆசாரமான மாமியார், மறுபக்கம் ஆசாரத்தையே பிடுங்கி எறியச் சொல்லும் கணவர். பிறந்த ஒரே பெண் குழந்தையும் ஐந்து மாதத்தில் போய்விட்டது. 1904 வாக்கில் அப்பாவோடு மனஸ்தாபம் என்று கணவர் சொல்லாமல் கொள்ளாமல் காசிக்குப் போய்விட்டார். அப்போது இவர் அந்த வீட்டில் எப்படி இருந்திருப்பார்? கணவர் ஊரில் இல்லாத நாட்கள் என்று சொன்னேனே, அதில் முதல் பகுதி இதுதான். போராட்டமும் மேடையும் இல்லாத, காத்திருப்பு மட்டுமே இருந்த பகுதி. இதைச் சொன்னால்தான் கள்ளுக்கடை வாசலில் நின்றவர் எங்கிருந்து புறப்பட்டு வந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

இரங்கலுக்கு வருவோம். நாகம்மை 1933 மே 11 அன்று காலமானார். மே 14 'குடி அரசு' இதழில் பெரியார் எழுதியது தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த இரங்கல்களில் ஒன்று. மைனராகத் திரிந்த காலத்திலும் பொதுவாழ்வுக்கு வந்த பிறகும் தனக்கு எல்லாவற்றுக்கும் ஆதாரமாக இருந்தவர் இவர்தான் என்கிறார். பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்குகூட இவர் விஷயத்தில் நடந்துகொண்டதாகச் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். தன் பத்திரிகையிலேயே, மனைவி இறந்த மூன்றாம் நாள், இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் இந்த மாதிரி ஒப்புதலில் ஒரு சிக்கல் உண்டு. அதைப் படித்து முடிக்கும்போது நம் மனதில் உயர்ந்து நிற்பவர் ஒப்புக்கொண்டவர்தான். கஸ்தூரிபாவுக்கும் இதுதான் நடந்தது. டர்பன் வீட்டில் மலச்சட்டியைத் தூக்க மறுத்த மனைவியை வாசல் வரை இழுத்துப்போனதைக் காந்தி சுயசரிதையில் எழுதினார். அது எல்லோருக்கும் தெரியும். 1913இல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தென்னாப்பிரிக்க நீதிமன்றம் சொன்ன பிறகு, கஸ்தூரிபா எல்லையில் கைதாகி மூன்று மாதம் கடுங்காவல் அனுபவித்தாரே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? கணவரின் வருத்தத்தை நினைவு வைத்திருக்கும் நாம் மனைவியின் சிறைவாசத்தை மறந்துவிடுகிறோம். அதனால் இரங்கலை வாசியுங்கள், ஆனால் கடைசியில் வாசியுங்கள். அதற்கு முன்னால் 1921, 1924, 1932 மூன்றையும் சொல்லி முடித்திருங்கள்.

திருச்சி விஷயம். பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். தடை உத்தரவை மீறி நடந்த கல்யாணம் அது, அதற்காகக் கைதும் ஆனார். அவருக்குப் பாசம் இருந்ததா இல்லையா என்று அதை வைத்து அளக்க நான் தயாரில்லை. அழுகிறவர்கள் எல்லோரும் வீட்டிலேயே உட்கார்ந்து அழுவதில்லை. அதே மாதிரிக் கல்யாணங்களை முந்தைய வருடம் நாகம்மையே முன்னின்று நடத்தியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் மாணவர்கள் அதை வேறு விதமாகப் புரிந்துகொள்வார்கள். உங்களுக்கு வந்த வருத்தமும் நியாயமானதுதான், அதையும் அவர்களிடம் சொல்லலாம். ஆனால் அது பெரியார் எடுத்த முடிவு. நாகம்மையைப் பற்றிய பத்து நிமிடத்தில் அதற்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

மிச்சம் நேரம் இருந்தால் கண்ணம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள். நாகம்மைக்குப் பிறகு 'குடி அரசு' பதிப்பாளர் அவர்தான். 1933 அக்டோபரில் அரசை எதிர்த்து வந்த ஒரு தலையங்கத்துக்காக டிசம்பரில் பெரியாரோடு அவரும் கைதாகித் தண்டனை பெற்றார். அவர் தலைவரின் மனைவியும் இல்லை, தங்கைதான். அதனாலோ என்னவோ அவரைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஐந்து கதைகள்கூட இல்லை. பள்ளி நூலகத்தில் 'குடி அரசு' தொகுதிகள் இருந்தால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் 1932, 1933 தொகுதிகளைக் கொடுத்து, இந்த இரண்டு பெயர்களும் எங்கெல்லாம் வருகின்றன என்று குறித்துவரச் சொல்லுங்கள். கிடைப்பதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.