பொதுமன்னிப்பு பெற்றவர் விசா படிவத்தில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: நாங்கள் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். மின்நிலையத்தில் குண்டு வைத்த வழக்கில் 1987இல் என் கணவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஆசிரியர் வேலை போய்விட்டது. 1999இல், தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கால அரசியல் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் மன்னிப்புக் குழு அவரை மன்னித்தது. இப்போது மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகிறோம். 'தண்டனை பெற்றதுண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதலாமா? போன வேலைக்கு இழப்பீடு கேட்கலாமா? எதிர்வீட்டுக்காரர் வாட்ஸ்அப் குழுவில் இவரைக் 'குண்டு வைத்தவன்' என்கிறார். கேஸ் போடலாமா?

பதில்: அம்மா, 'இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் கணவருக்குக் கிடைத்த மன்னிப்பு, அந்த ஆணையத்தை அமைத்த 1995ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டத்தின்படி வந்தது. அதன் 20(10)ஆம் பிரிவு தாராள மனதோடு எழுதப்பட்டது. மன்னிக்கப்பட்ட செயலுக்கான தண்டனை எல்லா அரசுப் பதிவுகளிலிருந்தும் நீங்கியதாகவே கொள்ளப்படும்; அப்படி ஒரு தீர்ப்பே வரவில்லை என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. எனவே தென்னாப்பிரிக்காவுக்குள் யார் கேட்டாலும் அவர் 'இல்லை' எனலாம். ஆனால் நம் நாடாளுமன்றம் போட்ட சட்டம் ஆஸ்திரேலிய அரசைக் கட்டாது. பதிவிலிருந்து நீக்கப்பட்ட தண்டனையையும் சேர்த்துத்தான் அவர்கள் கேட்கிறார்கள். அந்த வரி அடைப்புக்குறிக்குள் கிடக்கும், அவசரத்தில் கண் தாண்டிப் போய்விடும். 'ஆம்' என்று எழுதி, மன்னிப்பு வெளியான அரசிதழ்ப் பக்கத்தின் நகலை இணையுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால், முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கைவிட இன்றைய பொய்தான் விசாவைக் கெடுக்கும்.

அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய தீர்ப்போடு ஒவ்வொரு குற்றச்சாட்டாக ஒத்துப் பாருங்கள். பலர் வழுக்குவது இங்கேதான். மன்னிப்பு செயலுக்குத்தான், ஆளுக்கு மொத்தமாக அல்ல. தீர்ப்பில் வெடிபொருள் வைத்திருந்தது, குண்டு வைத்தது, பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டியது என மூன்று இருந்து, அரசிதழில் இரண்டுதான் இருந்தால், மூன்றாவது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனில் பத்து விரல் ரேகையும் கொடுத்து, பிரிட்டோரியாவிலுள்ள போலீஸ் குற்றப் பதிவு மையத்திலிருந்து கிளியரன்ஸ் சர்டிபிகேட் வாங்குங்கள். சட்டத்தின் கண்ணுக்கு நீங்கிவிட்டது என்பதற்காகக் கம்ப்யூட்டரிலும் நீங்கியிருக்கும் என்று நம்பாதீர்கள். பழைய பதிவு தலைகாட்டினால், அரசிதழ் நகலோடு அந்த மையத்துக்கு எழுதி எடுக்கச் சொல்லுங்கள்.

வேலை விஷயத்தில் நல்ல செய்தி இல்லை. கொலைத் தண்டனையால் பதவியிழந்த டு டோய்ட் என்ற போலீஸ்காரர், பின்னர் மன்னிப்புப் பெற்று, வேலையைத் திருப்பிக் கேட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். 2009இல் தோற்றார். மன்னிப்புக்கு முன்பே நடந்து முடிந்ததை மன்னிப்பு பின்னால் போய்த் திருத்தாது என்றது நீதிமன்றம். நிறவெறி அரசின் போலீஸ்காரருக்கும் அதை எதிர்த்த ஆசிரியருக்கும் ஒரே அளவுகோலா என்று எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் இந்தத் தீர்ப்பு நிற்கும்வரை வக்கீல் ஃபீஸைச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

எதிர்வீட்டுக்காரர் விவகாரத்துக்கு நம்மூர் வழக்கே இருக்கிறது. 1986 ஜூனில் டர்பன் கடற்கரையில் மகூஸ் பார் அருகே கார் குண்டு வெடித்து மூன்று பெண்கள் இறந்தார்கள் அல்லவா? அதில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு மன்னிப்புப் பெற்ற ராபர்ட் மெக்பிரைடை 'கொலைகாரர்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவர் வழக்குத் தொடுத்தார். நடந்ததை நடக்கவில்லை என்று சட்டம் ஆக்கிவிடாது, அந்தச் சொல்லுக்காகத் தண்டிக்க முடியாது என்று 2011இல் தீர்ப்பு வந்தது. ஆனால் செய்ததற்கு அவர் வருந்தவே இல்லை என்று அதே பத்திரிகை எழுதியது பொய். அவதூறுக்காக 50,000 ராண்ட் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆக 'குண்டு வைத்தவன்' என்பதோடு எதிர்வீட்டுக்காரர் நிறுத்திக்கொண்டால் கசப்பை விழுங்கிக்கொள்ளுங்கள். 'ஆளைக் கொன்றவன்', 'காசுக்காகச் செய்தான்' என்று இல்லாததைச் சேர்த்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். அதற்கு ஸ்கிரீன்ஷாட் வேண்டும், தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரிகிற மாதிரி. இன்று ராத்திரியே எடுத்து வையுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் அவர் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.