மறைத்து வைத்த பாவம் சபையையும் பாதிக்குமா?

‘யாருக்கும் தெரியாத பாவம் என்னை மட்டும்தானே பாதிக்கும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பைபிளில் யோசுவா 7-ஆம் அதிகாரத்தில், எடுக்கக் கூடாதென்று தேவன் விலக்கியிருந்த சால்வையையும் வெள்ளியையும் பொன்னையும் திருடிக் கூடாரத்துக்குள் புதைத்தவன் ஆகான் என்ற இஸ்ரவேலன். அதனால் ஆயி பட்டணத்துச் சண்டையில் இஸ்ரவேலர் தோற்றபோது செத்ததோ வேறு 36 பேர்.

கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் எங்கள் சபையில் காணிக்கைக் கணக்கு பார்த்தவர் கொஞ்சம் பணத்தைக் ‘கைமாற்றாக’ எடுத்துவிட்டார். முதலில் நின்றது அவருடைய ஜெபம். அப்புறம் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்குப் போகாமல் பின்வரிசையிலேயே இருந்தார். கணக்கு கேட்டால் சீறினார். காரணம் தெரியாமலேயே கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. அடக்கி வைத்தால் எலும்பே உலர்ந்துபோகும் என்கிறது சங்கீதம் 32.

அதற்காக ஆராதனையில் மைக் பிடித்துக் கொட்ட வேண்டாம், அது வம்புக்குத்தான் தீனி. ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபு 5:16. வாய் காக்கும் ஒரு மூத்தவர் போதும். பணமென்றால் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். எங்கள் சபையில் கணக்கு பார்த்தவர் மூன்று தவணையில் கட்டினார்.