லைனுக்குப் போகும் மாத்திரை

வணக்கம் சார்,

அப்பா நாமக்கல்லில் லைன் வண்டி, அதாவது வெளிமாநிலம் போகும் லாரி, ஓட்டுகிறார். வயது 54, நான்கு வருடமாகச் சர்க்கரை. வீட்டில் இருக்கும்போது ஒழுங்காக மாத்திரை போடுகிறார். வண்டி ஏறினால், கொண்டுபோன அட்டை பிரிக்காமலே திரும்பி வருகிறது. கேட்டால் "ரோட்டுல அதெல்லாம் சரிவராது" என்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

க., ராசிபுரம்

அன்புள்ள க.,

அப்பாவுக்குப் புரியாமல் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் மாமாவும் லைன் ஓட்டியவர். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை டிபனுக்கு முன்னால் போடச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் காலை, அடுத்த டாபாவில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிளம்பியவர், நாக்பூருக்கு முன்னால் மூன்று மணி நேரம் டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, ஸ்டியரிங்கையே பிடிக்க முடியவில்லை. கிளீனர் பையன் டீக்கு வைத்திருந்த சர்க்கரையை அள்ளி வாயில் போட்டான், பிழைத்தார். அப்புறம் லைனில் அவர் மாத்திரையைத் தொடவே இல்லை. சர்க்கரை ஏறினால் எப்போதோ கேடு, இறங்கினால் இப்போதே விபத்து. டிரைவருக்கு அந்தக் கணக்குதான் முதலில் வரும்.

கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை, கணையத்திலிருந்து இன்சுலினை வரவழைத்துவிடும். இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை மட்டும் போட்டால் சர்க்கரை அப்படி இறங்குவது அபூர்வம். அதனால் அப்பாவோடு நீங்களும் டாக்டரிடம் போய், "இவர் லாரி டிரைவர், சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது" என்று முதலிலேயே சொல்லுங்கள். அப்பா தானாகச் சொல்ல மாட்டார், ஓனர் காதுக்குப் போனால் வண்டி போய்விடுமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. மாத்திரையை மாற்றுவதோ குறைப்பதோ டாக்டர் வேலை, நீங்களாக எதையும் செய்ய வேண்டாம்.

கியர் பக்கத்தில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். கடலை மிட்டாய் இதற்கு உதவாது, கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நடுக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, குளுக்கோஸைத் தின்று, ஏதாவது சாப்பிட்டு, தலை நன்றாகத் தெளிந்து முக்கால் மணி நேரமாவது ஆன பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது, நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. லைனில் போய் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். பல மாநிலங்களில் ஓடும் நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது, நல்ல திட்டம்தான். உங்கள் அப்பாதான் வீட்டில் இல்லை!

அப்புறம் தண்ணீர். நிறுத்த இடம் கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரைக்காரர் சிறுநீரகத்துக்கு அது ரொம்பக் கெடுதல்.

இந்த டிரிப் முடிந்து வந்ததும், பிரிக்காத அந்த அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதையும் எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.