அப்பன் நாடுதான் பிள்ளை நாடா?

கேள்வி: எங்கள் பக்கம் பிள்ளை தகப்பன் கூட்டத்தைச் சேர்ந்தது, இனிஷியலும் தகப்பனுடையதே. குடியுரிமையைப் பிள்ளைக்குத் தருவதில் தாய்க்கும் சம உரிமை வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எதற்கெடுத்தாலும் சமத்துவம்தானா?
(வாசகர் ஒருவர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: கூட்டம் என்பது, குலதெய்வக் கோயிலில் யார் பொங்கல் வைப்பது, யாருக்கு யார் பெண் கொடுப்பது என்பதற்காக உறவுமுறையார் வகுத்துக்கொண்ட ஏற்பாடு. அதில் தலையிட இந்தப் பக்கத்துக்கு ஆசையில்லை. (அங்கேயும் தாய்வழியைத் தள்ளிவிட முடியாததால்தான் காதுகுத்துக்குப் பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைக்கிறோம்.) ஆனால் அரசு ஒரு கூட்டம் அன்று. வரி வாங்கும்போதும் வாக்குச்சாவடியில் விரலில் மை வைக்கும்போதும் "உன் கணவர் எந்த நாடு?" என்று ஒரு பெண்ணிடம் கேட்காத அரசு, அவள் பெற்ற பிள்ளைக்குக் குடியுரிமை என்றதும் மட்டும் அதைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஏதோ அயல்நாட்டுச் சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். நம்முடைய 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமே 37 ஆண்டுகள் அப்படித்தான் கேட்டது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் இந்தியராக இருந்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை. தாய் இந்தியராக இருந்தாலும் போதும் என்பது 1992 டிசம்பர் 10 முதல்தான். கோபியிலிருந்து வேலைக்குப் போன ஒரு பெண், இந்தியக் குடியுரிமையை விடாமலே சிங்கப்பூர்க்காரரை மணந்து, 1992 நவம்பரில் ஒரு பிள்ளையும் 1994-இல் ஒரு பிள்ளையும் அங்கேயே பெற்றிருந்தால், தாயின் வழியாகக் குடியுரிமை கேட்க இளையதற்கு வழி உண்டு, மூத்ததற்கு இல்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகளைப் பிரிக்கும் அந்தத் தேதி சட்டத்தின் 4-ஆம் பிரிவில் இன்றும் அச்சில் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிக் கோத்தகிரிப் பக்கம் போனால், சிலோன்காரர்கள் என்று நாம் அழைக்கும், இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோரின் தேயிலைக் குடியிருப்புகளைக் காணலாம். 1948-இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் அந்த மண்ணிலேயே பிறந்தவரிடமும், தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று கேட்டது. தாய் அதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளியவள் என்பது கணக்கில் வரவில்லை. தோட்டத் தமிழரை ஒதுக்குவதே அச்சட்டத்தின் குறி. அதற்கு அது கையிலெடுத்த கருவி, நீங்கள் முறை என்று சொல்லும் அதே தகப்பன்வழி. லட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர்; இரு நாட்டுப் பிரதமர்களும் 1964-இல் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தது. தாய்வழியும் செல்லும் என்று இலங்கை தன் சட்டத்தைத் திருத்தியது 2003-இல்.

இன்றும் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் தாய்க்குத் தகப்பனுக்குச் சமமான இந்த உரிமை இல்லை. அங்கெல்லாம் தகப்பன் கைவிட்டுப் போனாலோ, அவனே நாடற்றவனாக இருந்தாலோ, பிள்ளை எந்த நாட்டுக்கும் உரியதாகாமல் போகலாம். மலேசியாவில், வெளிநாட்டில் பிள்ளை பெறும் தாய்க்கும் தகப்பனுக்குள்ள உரிமையைத் தரும் அரசமைப்புத் திருத்தம் 2024 அக்டோபரில்தான் அந்நாட்டு மக்களவையில் நிறைவேறியது. அதற்கு முன் பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. நம் பக்கத்து ஆண்களை மணந்து இங்கே வந்து பிள்ளை பெற்ற மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்கு இது எங்கே சுடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனிஷியலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2016 டிசம்பரில் விதியைத் தளர்த்திய பிறகு, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாய், தந்தை, காப்பாளர் ஆகியோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். கோவைப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் அதே விதிதான்.