கறுப்பு சைக்கிளுக்கு மாறியபின் முட்டிவலி

சைக்கிளை விற்க வேண்டாம், சீட்டை ஏற்றுங்கள். கியர் சைக்கிளை விட்டு 28 இஞ்ச் கறுப்பு சைக்கிளுக்கு மாறியதும் முதுகுவலி போய்விட்டது, ஆனால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது, பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போய்த் திரும்பும்போது சாயங்காலம்தான் அதிகம் என்கிறீர்கள். முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் தாழ்ந்த சீட்டுதான் காரணம். நம் ஊர்க் கடைகளில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க வசதி, மிதிக்க வதை.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முட்டி மடங்கியிருந்தால் சீட்டை அரை இஞ்ச் ஏற்றி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். சீட் கம்பி ஃபிரேமுக்குள் இரண்டரை இஞ்சாவது இருக்கட்டும்.

சாயங்கால வலிக்கு ஆடிக்காற்றும் ஒரு காரணம். மேற்கே திரும்பினால் எதிர்க்காற்று, குறைக்க கியரும் கிடையாது. பின் ஃப்ரீவீலில், அதாவது பின் சக்கரத்தில் செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரத்தில், பல் எண்ணுங்கள். 18 என்றால் 20 பல் போடச் சொல்லுங்கள், மிதிக்கும் பாரம் பத்தில் ஒரு பங்கு குறையும். செயினில் கண்ணி கூட்ட வேண்டி வரலாம்.

முட்டி வீங்கினாலோ மடக்கும்போது பிடித்துக்கொண்டாலோ சீட்டைத் திருகிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கேட்காத ஒன்று: ஐப்பசி மழையில் இரும்பு ரிம் நனைந்தால் கம்பி பிரேக் சட்டென்று பிடிக்காது. முன்கூட்டியே அழுத்துங்கள்.